போட்டோஷாப்பில் கண் திருத்தம்: கல்யாண ஆல்பத்திலிருந்து படத்திறப்புப் படம் வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஸ்டுடியோக்களில் ஆல்பம் வேலைக்குப் புதிதாக உட்காருகிறவர்கள் தோலை ஓரளவு ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள். படம் கெடுவது கண்ணில்தான். ஆல்பத்தைப் புரட்டும் பெண்ணின் அம்மா, "ஏப்பா, எம்பொண்ணு கண்ணு இப்பிடியாப்பா இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் அந்த ஷீட்டை மறுபடி அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

தவறு ஆரம்பிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. வீடியோ பாடங்களில் பல, நீலக் கண்ணையும் பச்சைக் கண்ணையும் வைத்துச் செய்தவை. அந்த எண்களை அப்படியே நம் ஊர் அடர்பழுப்புக் கண்ணில் போட்டால் வெள்ளை துருத்திக்கொண்டு நிற்கும், பழுப்பு ஆரஞ்சாகிவிடும். கீழே இருக்கும் முறை நம் கண்களுக்கானது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

வெண்விழி என்று நான் எழுதுவது வெள்ளைப் பகுதியை. கருவிழி, பழுப்பு வட்டம். அதன் நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளி கண்மணி. கண்ணில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பை ஸ்டுடியோவில் சொல்கிற மாதிரி கேட்ச்லைட் என்றே எழுதுகிறேன்.

1. உட்காரும் முன் வேண்டியவை

ரா கோப்பு (கேமரா பதிந்த, ஜேபெக்காக மாற்றாத அசல் கோப்பு) இருந்தால் அதையே எடுங்கள். கருவிழி படத்திலேயே இருண்ட இடங்களில் ஒன்று. அதைத் தூக்கும்போது, அதாவது வெளிச்சம் ஏற்றும்போது, விவரம் வர வேண்டும் என்றால் அது கோப்பில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த ஜேபெக்கில் கருவிழியைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். வெளிச்சம் ஏற்றினால் அந்தக் கட்டங்கள்தான் தெரியும். வாடிக்கையாளரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டைப் பார்த்த கடையாக இருந்தால் மானிட்டரில் வெயில் விழாதபடி திருப்பி வையுங்கள். வெளிச்சத்தில் திரை மங்கலாகத் தெரியும். அதை ஈடுகட்டக் கண்ணை வெளுத்துக்கொண்டே போவீர்கள், பிரிண்டில் தெரியும் சங்கதி.

பென் டேப்லெட் இருந்தால் நல்லது. இல்லை என்றால் மவுஸ் போதும், பிரஷ்ஷின் ஃப்ளோவை, அதாவது ஒரு தடவலில் விழும் அளவை, குறைவாக வைத்துக்கொண்டால் சரி.

இன்னொரு விஷயம், பலர் செய்வதில்லை. விண்டோ மெனுவில் அரேஞ்ச் போய், அதே கோப்புக்கு இன்னொரு விண்டோ திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் 200 சதவீதத்தில் வேலை, மற்றொன்றில் முழுப் படம். 200 சதவீதத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கண்ணும் இன்னும் கொஞ்சம் கேட்கிற மாதிரியே இருக்கும். முழுப் படத்தில் பார்த்தால் அது எப்போதோ போதுமாகியிருக்கும்.

போட்டோஷாப் இல்லாதவர்கள் பிரவுசரில் போட்டோபீ திறந்தால் இதே மெனு, ஏறக்குறைய இதே குறுக்குவிசைகள். கிம்ப்பில் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் (அசல் படத்தைத் தொடாமல் மேலே இருந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் அடுக்கு) வருகிற இடத்தில் லேயரை நகலெடுத்து, நகலில் கர்வ்ஸ் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வளைகோடு) போட்டு, கறுப்பு மாஸ்க் (லேயரை மறைக்கும் திரை; வெள்ளை பூசிய இடத்தில் மட்டும் லேயர் தெரியும்) வைத்தால் பலன் அதுவே.

2. இந்தக் கண்ணைத் தொட வேண்டுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

முகத்தின் அகலம் 14 சென்டிமீட்டர் என்றால் கருவிழி ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதாவது முக அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐயில் வைத்தால் 3600க்கு 10800 பிக்சல். அதில் ஜோடி முழு உருவமாக நின்று, முகம் 300 பிக்சல் அகலம் வந்தால், கருவிழி 25 பிக்சல். பிரிண்டில் 2 மில்லிமீட்டர். மேடையில் சொந்தபந்தம் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோவில் அதிலும் பாதி.

2 மில்லிமீட்டரில் கருவிழிக்குள் கோடு கோடாகச் செதுக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அங்கே வெண்விழியின் சிவப்பை மட்டும் அடக்கிவிட்டு நகருங்கள். முழு வேலை குளோசப்புக்கும் ஆல்பம் அட்டைக்கும் பெரிய ஃப்ரேம் படத்துக்கும்தான்.

ஃபோகஸ் கண்ணில் இல்லாமல் காதில் விழுந்திருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்த படத்தை எடுங்கள். பாஸ்போர்ட் படத்தில் கண்ணைத் தொடவே கூடாது. கணினியில் மாற்றிய படத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சிவப்புக் கண்ணோ கண்ணாடியில் பளபளப்போ வந்திருந்தால் திரும்ப எடுப்பதுதான் வழி.

3. முகம் முதலில், கண் அப்புறம்

எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், தோல் மூன்றையும் முடித்துவிட்டுக் கண்ணுக்கு வாருங்கள். கண் இருட்டாகத் தெரிவதில் பாதி, முகமே இருட்டாக இருப்பதால். முகத்தைத் தூக்கினால் கண்ணும் கூடவே எழுந்துவிடும்.

தலைகீழாகச் செய்கிறவர்கள் நிறைய. முதலில் கண்ணைப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள், கடைசியில் முகத்தைத் தூக்குவார்கள், கண் இரண்டு தடவை வெளுத்துப்போகும்.

மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெண்விழியும் மஞ்சளாகத்தான் இருக்கும். அதைக் காமாலை போல் எண்ணிக் கண்ணில் மட்டும் மஞ்சளை எடுத்தால், மஞ்சள் முகத்தில் நீலம் பாய்ந்த கண் உட்கார்ந்திருக்கும். வைட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள், கண் தானாகச் சரியாகும்.

4. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

பிரஷ்ஷைத் தொடும் முன் கேட்ச்லைட்டைப் பாருங்கள். கண்ணைக் கடிகாரமாக நினைத்தால் அது எத்தனை மணியில் இருக்கிறது? 10 மணியில் இருந்தால், விளக்கு படத்தின் இடது மேல்பக்கம். அந்த வெளிச்சம் விழியின் முன்பக்கத்துக் கண்ணாடித் தோலுக்குள் நுழைந்து வளைந்து, எதிர்ப்பக்கத்தில், 4 மணி பக்கம், கருவிழியை ஒளிரச் செய்யும். அடுத்து வரும் எல்லாப் படியும் இதை வைத்துத்தான். எங்கே தூக்குவது, எங்கே விட்டுவைப்பது என்று படமே சொல்லிவிடுகிறது.

மேல் இமையின் நிழல் விழியின் மேல்பகுதியில் விழும். இமை முடி அடர்த்தியாக இருந்தால் நிழலும் அடர்த்தி. அந்த நிழல்தான் விழியை உருண்டையாகக் காட்டுகிறது. புதியவர்கள் முதலில் அழிப்பதும் அதைத்தான். அது போனால் முகத்தில் அவித்த முட்டையை வெட்டி வைத்த மாதிரி இருக்கும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார வைத்து எடுத்த அவுட்டோர் படங்களில் கணக்கு மாறும். மேலே வானம், கீழே தண்ணீர்; தண்ணீரிலிருந்து திரும்பும் ஒளி 6 மணி பக்கம் இன்னொரு கேட்ச்லைட்டைப் போடும், கீழ் இமையும் வெளிச்சமாக இருக்கும். அது தவறில்லை, அழிக்க வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு நிழலில் எடுத்த படங்களில் வேறு தொல்லை: இலையின் பச்சை வெண்விழியில் ஏறியிருக்கும், தாடைக்குக் கீழேயும் இருக்கும். கலர் பேலன்ஸில் பச்சையிலிருந்து மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தி, தாடை, கண் இரண்டுக்கும் ஒரே லேயரில் மாஸ்க் போடுங்கள்.

5. லேயர் அடுக்கு

கண்ணுக்கென்று ஒரு குரூப். உள்ளே, கீழிருந்து மேலாக: சுத்தம் செய்ய ஒரு காலி லேயர், சிவப்பை அடக்க ஹியூ சாச்சுரேஷன், வெண்விழிக்கு ஒரு கர்வ்ஸ், கருவிழிக்கு ஒரு கர்வ்ஸ், மேலே கேட்ச்லைட்டுக்கு ஒரு காலி லேயர். பெயர் வைத்துவிடுங்கள். ரிசப்ஷன் படங்களுக்கு நடுவில் "கர்வ்ஸ் 7" எது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

சுத்தம் செய்யும் லேயர் ஏன் அடியில்? மேலே வெளிச்சம் ஏற்றிய பிறகு ஹீலிங் செய்தால், வெளுத்த நிறத்தை எடுத்துக் கீழே ஒட்டும், அதன் மேல் மறுபடி வெளிச்சம் ஏறும். திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான்.

அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் ஒவ்வொன்றின் மாஸ்க்கையும் கண்ட்ரோல், ஐ அழுத்திக் கறுப்பாக்குங்கள். வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறந்துகொள்ளலாம். மென்மையான ஓரமுள்ள பிரஷ், ஒபாசிட்டி 100, ஃப்ளோ 5 முதல் 8 வரை. ஒரே தடவையில் பூசிவிடாமல் நாலைந்து தடவை லேசாகத் தடவி ஏற்றுவதற்குத்தான் இந்தக் குறைந்த ஃப்ளோ.

6. மூடிய கண் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்

தாலி கட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும், பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். தொடர்ச்சியாக எடுத்த அடுத்த படத்தில் கண் திறந்திருந்தால் அங்கிருந்து எடுக்கலாம். இதை வெண்விழி வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

விழியை மட்டும் வெட்டி ஒட்டுவது பெருந்தவறு. கண் மூடும்போது இமை, புருவம், கன்னத்தின் மேல்பகுதி எல்லாமே நகர்கின்றன. புருவத்துக்கு மேலிருந்து கன்ன எலும்பு வரை, இரண்டு கண்ணையும் சேர்த்து லாஸோவால் தாராளமாக எடுங்கள். ஒட்டிய லேயரின் ஒபாசிட்டியை 50க்குக் குறைத்து, மூக்கை ஒட்டிய உள்முனைகள் இரண்டும் அடியில் இருக்கும் படத்தோடு பொருந்தும்படி கண்ட்ரோல், டி போட்டுத் திருப்பி, அளவு மாற்றி வையுங்கள். வெளிமுனையை வைத்துப் பொருத்த வேண்டாம், சிரிப்புக்குத் தகுந்தபடி அது நகரும்.

பிறகு ஒபாசிட்டியை 100க்குக் கொண்டுவந்து, கறுப்பு மாஸ்க் போட்டு, தேவையான அளவு மட்டும் திறங்கள். வெளிச்சம் ஒத்துப்போகவில்லை என்றால் ஒட்டிய லேயருக்கு மட்டும் கிளிப் செய்த ஒரு கர்வ்ஸ். தலை வேறு கோணத்தில் திரும்பியிருந்தால் இந்த முறை வேலை செய்யாது; மல்லுக்கட்டாமல் வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

7. நரம்பும் ஓமப்புகைச் சிவப்பும்

விடிகாலை முகூர்த்தம், முதல்நாள் இரவு முழுக்கத் தூக்கமில்லை, எதிரே ஓமகுண்டம். பெண், மாப்பிள்ளை இருவர் கண்ணும் சிவந்திருப்பது இயல்பு. இதில் இரண்டு வேலை இருக்கிறது: தனித்தனியாகத் தெரியும் நரம்புகள், மொத்தமாகப் பரவிய சிவப்பு.

நரம்புகளைக் காலி லேயரில், குளோன் ஸ்டாம்ப்பால். சாம்ப்பிள் என்ற இடத்தில் கரண்ட் அண்ட் பிலோ, மோடு லைட்டன், ஒபாசிட்டி 30. லைட்டன் மோடில் இருண்ட நரம்பு மட்டும் மாறும், சுற்றியுள்ள வெள்ளை அப்படியே நிற்கும். கருவிழி ஓரத்தில் ஹீலிங் பிரஷ் வேண்டாம். பழுப்பை இழுத்து வெள்ளையில் கறையாகப் பூசிவிடும்.

தடித்த இரண்டு மூன்று நரம்புகள் போனால் போதும். மெல்லியவை இருக்கட்டும், ஒரு நரம்புகூட இல்லாத கண் பொம்மைக் கண்.

பரவிய சிவப்புக்கு ஹியூ சாச்சுரேஷனில் ரெட்ஸைத் தேர்ந்தெடுத்து சாச்சுரேஷனை மைனஸ் 30 பக்கம் கொண்டுபோங்கள், லைட்னெஸ் கொஞ்சம் பிளஸ். பிறகு வெண்விழியில் மட்டும் மாஸ்க்கைத் திறங்கள். மூக்கை ஒட்டிய மூலையில் இருக்கும் இளஞ்சிவப்புச் சதையை விட்டுவிடுங்கள். அதைச் சாம்பலாக்கிவிட்டால் ஆள் சோகை பிடித்தவர் போல் தெரிவார்.

ஃபிளாஷ் அடித்து வந்த சிவப்புக் கண் வேறு சங்கதி. இருட்டில் கண்மணி விரிந்திருக்க, லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே அடித்த ஃபிளாஷ் கண்ணின் பின்சுவரில் உள்ள ரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்பியது அது. ரெட் ஐ கருவியில் ஒரு கிளிக் போதும். டார்க்கன் அளவு 50 சதவீதத்தில் இருக்கும். கண்மணி சாம்பலாக நின்றால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

8. வெண்விழி

கர்வ்ஸின் நடுவில் பிடித்து 128ஐ 145 வரை தூக்குங்கள் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை). லேயரின் பிளெண்ட் மோடு லூமினாசிட்டி. இல்லாவிட்டால் வெளிச்சத்தோடு நிறமும் கூடி, மிச்சமிருக்கும் சிவப்பு மறுபடி எட்டிப்பார்க்கும்.

மாஸ்க்கைத் திறக்கும்போது கருவிழியின் இரண்டு பக்கமும், விழியின் நடு உயரத்துக்குக் கீழே தொடங்குங்கள். மேலே போகப் போகக் கையை லேசாக்குங்கள். மேல் இமையை ஒட்டிய பகுதிக்குப் போகவே வேண்டாம். இரண்டு மூலைகளும் அப்படித்தான். அங்கே விழி உள்ளே வளைந்து போகிறது, இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

எஃப்8 அழுத்தி இன்ஃபோ பேனலைத் திறந்து வெண்விழியின் மேல் கர்சரை வையுங்கள். சாதாரண ஸ்டுடியோ வெளிச்சத்தில் எடுத்த முகத்தில், மிகப் பளிச்சென்ற இடத்திலும் 200ஐத் தாண்டாமல் நான் நிறுத்திக்கொள்வேன். நெற்றியில் மினுங்கும் இடத்தைவிட வெண்விழி பிரகாசமாக இருந்தால் அது கூடுதல். மாநிற முகத்திலும் கறுத்த முகத்திலும் இன்னும் முன்னாலேயே நிறுத்துங்கள். அங்கே வெள்ளைக்கும் தோலுக்கும் ஏற்கெனவே இடைவெளி அதிகம், கொஞ்சம் ஏற்றினாலும் முழிப்பது போல் ஆகிவிடும்.

மொட்டையடித்துக் காது குத்தும் கைக்குழந்தைகளின் வெண்விழியில் லேசான நீலம் இருக்கும். அது இயற்கை, எடுக்காதீர்கள்.

9. கருவிழி: நம் கண்ணுக்குத் தனிக் கணக்கு

நீலக் கண் படத்தில் கருவிழி நடுத்தர வெளிச்சத்தில் இருக்கும், அதனால் கர்வ்ஸின் நடுவைத் தூக்கினால் போதும். நம் அடர்பழுப்பில் இன்ஃபோ பேனல் பெரும்பாலும் 30க்கும் 80க்கும் நடுவில்தான் காட்டும். நடுவைத் தூக்கினால் இங்கே பெரிதாக எதுவும் நகராது. நகரவில்லையே என்று இன்னும் தூக்குவார்கள், அப்போது தோலின் ஓரமும் வெண்விழியின் ஓரமும் வெளுத்துவிடும்.

கர்வ்ஸ் பேனலில் கை வடிவச் சின்னம் ஒன்று இருக்கும். அதை எடுத்துக் கருவிழியின் மேல் கிளிக் செய்தால் சரியாக அந்த இருட்டில் ஒரு புள்ளி விழும். அதைத் தூக்குங்கள், 60 இருந்தால் 80, 85. அடுத்து, 15 பக்கம் இன்னொரு புள்ளி வைத்து அதை நகராமல் கட்டிவையுங்கள். கண்மணி கறுப்பாகவே இருப்பதற்காக இது. கண்மணி சாம்பலானால் என்ன செய்தாலும் அந்தக் கண்ணில் உயிர் வராது. இங்கும் மோடு லூமினாசிட்டி. சாதாரண மோடில் விட்டால் பழுப்பு ஆரஞ்சாகும் என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான் நடக்கும்.

மாஸ்க்கைத் திறப்பது பிறை வடிவத்தில். கேட்ச்லைட் 10 மணியில் இருந்தால் 2 மணி பக்கம் தொடங்கி 4, 6 என்று வந்து 7 மணி பக்கம் முடியும் பிறை; 4 மணியில் தடிப்பு, முனைகளில் கரைந்துபோக வேண்டும். கருவிழி முழுக்க வட்டமாகப் பூசினால் கோலிக்குண்டு கண்தான். கருவிழியின் விளிம்பில் இருக்கும் கறுப்பு வளையத்தையும் தொடாதீர்கள், முகத்துக்கு இளமை தருவது அது.

இருண்ட மண்டபத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படத்தில் தூக்கியதும் புள்ளி புள்ளியாக நாய்ஸ் எழும். ரா கோப்பில் நாய்ஸைக் குறைத்துவிட்டு வாருங்கள், அல்லது தூக்குவதைப் பாதியில் நிறுத்துங்கள். கருவிழிக்குள் கோடுகளைக் கையால் வரைவது விளம்பரப் படங்களுக்குச் சரி. கல்யாண ஆல்பத்தில் எனக்கு அது பிடிப்பதில்லை.

10. கேட்ச்லைட்

மேடையில் இரண்டு பக்கம் வீடியோ எல்இடி, கேமராவில் ஃபிளாஷ், பக்கத்தில் யாரோ மொபைல் டார்ச். குளோசப்பில் ஒரு கண்ணில் நாலு புள்ளி இருக்கும். பெரியதும் மேலே இருப்பதுமான ஒன்றை வைத்துக்கொண்டு, சின்னப் புள்ளிகளைப் பக்கத்துப் பழுப்பிலிருந்து குளோன் செய்து மறையுங்கள். புள்ளி கண்மணியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் பழுப்புப் பக்கத்துக்குப் பழுப்பிலிருந்தும் கறுப்புப் பக்கத்துக்குக் கறுப்பிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ரிங் லைட் போட்ட வளையத்தை அழிக்கப் போகாதீர்கள், கண்மணியையே புதிதாக வரைய வேண்டிவரும்.

கேட்ச்லைட்டே இல்லாத படத்தில் ஒன்று வைக்கலாம். முகத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம், கண்மணியும் கருவிழியும் சேரும் இடத்தில், சின்னதாக. தூய வெள்ளை வேண்டாம், அந்த இடத்து வெளிச்சத்தின் நிறத்தில் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி பார்க்கும் பிழை: ஒரு கண்ணை நன்றாகச் செய்துவிட்டு அதையே நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி அடுத்த கண்ணில் வைப்பது. ஒன்றில் 10 மணி, மற்றொன்றில் 2 மணி என்று ஆகிவிடும். விளக்கு ஒன்று என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே மணியில்தான் தெரியும்.

11. இமை, மை, கண்ணடிக் கருமை

மணப்பெண்ணின் மை கலைந்து கீழே இறங்கியிருந்தால் இறங்கியதை மட்டும் எடுங்கள். இமையின் உள்விளிம்பில் தீட்டிய மையின் மேல் வெண்விழி பிரஷ் பட்டுவிட்டால் சாம்பல் கோடாகத் தெரியும். மாஸ்க்கில் எக்ஸ் விசையைத் தட்டிக் கறுப்புக்கு மாறி அந்த ஓரத்தைத் திரும்ப மூடிவிடுங்கள்.

கண்ணுக்குக் கீழ் கருமையை ஹீலிங் போட்டு ஒரேயடியாகத் துடைக்க வேண்டாம். தோலின் துளைகளும் போய்விடும், கீழ் இமைக்கு அடியில் சிரிக்கும்போது வரும் மேடும் போய்விடும். மெல்லிய கர்வ்ஸ் ஒன்றால் பாதி அளவு தூக்குங்கள், போதும்.

12. மூக்குக்கண்ணாடி

கண்ணாடியில் வெளிச்சம் கருவிழியையே மறைத்துவிட்டால் அங்கே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் எடுக்கும்போதே விளக்கை உயர்த்தி, கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கச் சொல்லி, கூடவே கண்ணாடி இல்லாமல் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது படியில் சொன்ன முறையில் கண்ணை அங்கிருந்து கொண்டுவரலாம். லேசான பச்சைப் பூச்சு மட்டும் தெரிந்தால் கிரீன்ஸின் சாச்சுரேஷனை அந்த இடத்தில் குறைத்தால் தீர்ந்தது.

13. ஷார்ப்பன் கடைசியில்

பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஷார்ப்பன் செய்ய வேண்டும். முன்பே செய்துவிட்டு அளவை மாற்றினால் ஒன்று மறைந்துவிடும், அல்லது கரகரவென்று ஆகிவிடும். கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், இ அழுத்தி எல்லாவற்றையும் ஒரே லேயராக மேலே எடுத்து, ஹை பாஸ் ஃபில்டர், ரேடியஸ் 1 முதல் 2 பிக்சல், மோடு சாஃப்ட் லைட். கறுப்பு மாஸ்க் போட்டுக் கருவிழி, இமை முடி, புருவம் மட்டும் திறங்கள். வெண்விழியைத் திறந்தால் நாம் விட்டுவைத்த மெல்லிய நரம்புகள் எழுந்து நிற்கும்.

அகன்ற அப்பர்ச்சரில், பக்கவாட்டில் திரும்பிய முகமாக எடுத்திருந்தால் கேமராவுக்கு அருகில் உள்ள கண் கூர்மையாகவும் தூரத்துக் கண் மென்மையாகவும் இருக்கும். தூரத்துக் கண்ணை விட்டுவிடுங்கள்.

14. குறைத்துப் பார்ப்பது

கண் குரூப்பின் ஒபாசிட்டியை பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், முழுப் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். கண் தனியாக எட்டிப்பார்க்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பெரும்பாலும் 60, 70 சதவீதத்தில் நிற்கும். 100லிருந்து கீழே இறக்கிப் பார்த்தால் இந்த இடம் பிடிபடாது, கண் ஏற்கெனவே அந்த வெளுப்புக்குப் பழகியிருக்கும்.

படத்தை இடவலமாகத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள். ஒரு கண் மட்டும் அதிகமாக வெளுத்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

15. நூற்றுக்கணக்கில் படம் இருந்தால்

ஒவ்வொன்றுக்கும் இத்தனை படி கட்டுப்படியாகாது. குரூப்பை உருவாக்கிக் கறுப்பு மாஸ்க் போடும் வரை ஒரு ஆக்‌ஷனாகப் பதிந்துவையுங்கள். லைட்ரூமில் 2022 அக்டோபர் பதிப்பிலிருந்து, ஆட்களைக் கண்டுபிடித்து வெண்விழிக்கும் கருவிழிக்கும் தனித்தனி மாஸ்க் தருகிறது. சின்ன முகங்கள் இருக்கும் படங்களுக்கு அது போதும்: வெண்விழிக்கு எக்ஸ்போஷர் பிளஸ் 0.15, சாச்சுரேஷன் மைனஸ் 20; கருவிழிக்கு எக்ஸ்போஷர் பிளஸ் 0.3. மேல் இமை நிழலையும் சேர்த்தே அது தூக்கும் என்பதால் இதற்கு மேல் போகாதீர்கள்.

16. படத்திறப்புப் படம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ரேம் போட வரும் படம் பெரும்பாலும் வாக்காளர் அட்டையிலிருந்தோ ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். அதை 12க்கு 18 ஆக்க வேண்டும். இப்போதெல்லாம் ஏஐ மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கிவிடுகிறார்கள். கோப்பில் இல்லாத கண்ணை அது தானாக வரைந்து கொடுக்கிறது. கண் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவருடைய கண்ணாக இருக்காது. பெரிதாக்கிய பிறகு அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து இமையின் சாய்வையும் மடிப்பையும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் கண் பகுதிக்கு மட்டும் சாதாரணமாகப் பெரிதாக்கிய படத்தை மாஸ்க் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் சாம்பல் நீலமாக ஒரு வளையம் இருக்கும். வயதோடு வருவது, அழுக்கோ பிரதிபலிப்போ இல்லை. அதை அழித்துவிட்டுக் கறுவிளிம்பு போட்டால் எழுபது வயது முகத்தில் இருபது வயதுக் கண். ஒரு இமை இறங்கியிருந்தால் அதையும் நிமிர்த்த வேண்டாம். கண்புரையால் கண்மணி வெளுத்திருந்தால் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இப்படியே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு, பழைய மாதிரி வேண்டும் என்பவர்களும் உண்டு.

பெரிய பிரிண்ட் அடிக்கும் முன் 4க்கு 6 ஒன்று போட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டு ஆள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் மட்டும் பார்த்துச் சரி என்றால் ஃப்ரேம் வீட்டுக்குப் போன பிறகு இன்னொருவர் குறை சொல்வார். பிஎஸ்டி கோப்பை லேயரோடு அப்படியே வைத்திருங்கள். வருஷத் திதிக்கு இதே படத்தைக் கேட்டு வருவார்கள்.